வெள்ளியும் எலும்பும்

“இடுப்புல அரணாக்கயிறு, தாயத்து எதுவும் இல்லியே அக்கா?” என்று கேட்ட ஜெபமலர், பதில் வருவதற்குள் தானே சிரித்தாள். “போன வாரம் கடையநல்லூர்ல இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. வேட்டிக்குள்ள வெள்ளித் தாயத்தோட படுத்துட்டாரு. மெஷினுக்கு என்ன தெரியும், வெள்ளியையும் எலும்புன்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்டு. எழுபது வயசு ஆளுக்கு முதுகுல ஒரு துண்டு மட்டும் பயில்வான் எலும்பு!” எலும்பு ஸ்கேன் மேஜையில் படுத்திருந்த ஆவுடையும் சிரித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். ஜெபமலர் அவளுடைய கால்கள் இரண்டையும் தூக்கிச் சதுரமான ஸ்பாஞ்சுக் கட்டையின் மேல் வைத்தாள், தாலியைத் தோள்பக்கமாக ஒதுக்கிவிட்டாள், “சரி, இனி அசையப்படாது, மூச்சு மட்டும் விட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். மேஜைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இயந்திரக் கை லேசாக முனகிக்கொண்டு நகரத் தொடங்கியது. சிரித்த வாயை இன்னும் முழுசாக மூடாத அந்த நேரத்தில்தான் ஆவுடைக்கு மகளின் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

நித்திலாவின் இடுப்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில் அரை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளித் தாயத்து. தாயத்துக்குள், பிறந்து ஒன்பதாம் நாள் விழுந்த அவளுடைய தொப்புள்கொடி. இந்த நிமிஷம்கூட கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்பது வயசுப் பிள்ளையின் இடுப்பில் அது கிடக்கிறது. இன்றைக்குக் கிடந்தால் என்ன, கழற்றிவிடலாம். போன வருஷம்? போன வருஷம் இதே மாசம், இதே மேஜை. ஜெபமலர் பேறுகாலத்துக்கு லீவு. அவளுக்குப் பதிலாக மெட்ராஸ் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், நல்ல பிள்ளைதான், “மெட்டல் ஏதாவது இருந்தா கழட்டிடுங்கம்மா, நகை எல்லாம்” என்று மறக்காமல் கேட்டாள். ஆவுடையும் கழற்றினாள். கம்மல், கொலுசு, தலை கிளிப்பு, எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடி வளையலைக்கூடக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். தாயத்தைக் கழற்றினாளா? கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாயத்தை யார் நகை என்று சொல்வார்கள்? அது பிள்ளையோடு பிறந்தது, பிள்ளையின் மூக்கைப்போல, காதைப்போல அதுவும் ஒன்று. குளிப்பாட்டும்போது சோப்புக் கை அதன் மேல் தடவிப் போகும், கை அதை அறியும், மனசு அறியாது. இங்கே நடக்கிற எலும்பு மருந்து ஆராய்ச்சிக்கு வருகிற அத்தனை பொம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொக்கி இல்லாமல், ஜிப்பு இல்லாமல், துணி முடிச்சு வைத்து நைட்டி தைத்துக் கொடுத்தவள் ஆவுடை. புளியங்குடி நைட்டி கம்பெனியில் பதினோரு வருஷம் மிஷின் மிதித்தவள். ஒரு துண்டுக் கம்பிகூட இருக்கக்கூடாது என்று ஊசியால் தடவிப் பார்த்துத் தைத்துக் கொடுத்தவள். அந்த நைட்டிக்குள் தன் பிள்ளையை வெள்ளியோடு கிடத்தியிருக்கிறாள். கெட்டிக்காரிதான் போ.

ஆவுடை அசையவில்லை. அசையாமல் கிடப்பதில் அவளை ஜெயிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஆனால் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாலு, ரெண்டு. அந்த இரண்டு எண்கள். வயசுக்கு எவ்வளவு எலும்பு இருக்க வேண்டுமோ அதிலிருந்து எத்தனை படி கீழே என்பதுதான் கணக்கு என்று டாக்டர் சிவசைலம் முதல் நாளே விரலால் மாடிப்படி வரைந்து காட்டியிருந்தார். முதல் வருஷம் நித்திலா நாலு படி கீழே. போன வருஷம் ரெண்டே படி. ரெண்டு படி ஏறிவிட்டாள்! முதல் வருஷம் தாயத்து இருந்ததா என்று ஆவுடை யோசித்தாள், இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு ஆசை, இரண்டு தடவையும் இருந்திருந்தால் ஏறியது ஏறியதுதானே. இல்லை, இருக்கவில்லை. தொடை ஒடிந்து இடுப்போடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டபோது கயிற்றைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள், கட்டுப் பிரித்த சூட்டோடுதான் முதல் தடவை இந்த ஸ்கேனுக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம்தான் புருஷன் கருத்தப்பாண்டியின் அக்கா பூமயில் மைனி, “பிள்ளை இடுப்பு வெறுமனே கெடக்கப்படாதுட்டி” என்று புதுக்கயிறு வாங்கிக் கோத்துக் கட்டினாள். பாசத்தோடுதான் கட்டினாள். அந்த ரெண்டை நம்பித்தான் எல்லாமே நடந்தது. மூணு மாசத்துக்கு ஒருதரம் ஏற்றிய மருந்து ட்ரிப்பை ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆக்கினார் டாக்டர். காலில் மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரைக் கழற்றச் சொன்னார். “பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டும்” என்றார். நடந்து போகட்டும்! கருத்தப்பாண்டி எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறவன், சந்தோஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் டாக்டருக்கு ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வீட்டில் அந்த வருஷம் முழுக்க ஊறுகாய்தான் போட்டிருப்பார்கள். ஆவுடை அந்த எண்ணையே சாமி மாதிரி கும்பிட்டாள், சமையல்கட்டில் காலண்டரின் ஓரத்தில் ரெண்டு என்று பேனாவால் எழுதி வைத்தாள், வருஷம் மாறியும் அந்தக் காலண்டரைக் கிழிக்க மனசு வரவில்லை. அந்த ரெண்டுக்குள் எவ்வளவு எலும்பு, எவ்வளவு வெள்ளி? பிள்ளை ஒரு வருஷமாக எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறாள்?

நின்றாளே. நின்றாள் என்ன, ஓடினாள். ஆடி மாசம் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வழுக்கி விழுந்தாள், டீச்சர் போனில் சொன்னபோது ஆவுடை தையல் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள், அவளும் ஓடக்கூடாதவள்தான், ஓடினாள். போய்ப் பார்த்தால் பிள்ளை ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு நிற்கிறது. ஒன்றும் ஒடியவில்லை. அன்றைக்கு மருந்துக்கு நன்றி சொன்னாள், டாக்டருக்குச் சொன்னாள், சங்கரன்கோவில் கோமதியம்மனுக்குச் சொன்னாள். இப்போது அந்த நன்றியை எல்லாம் யாரிடமிருந்து திரும்ப வாங்கி யாரிடம் கொடுப்பது? மேலே இயந்திரக் கை தன் நெஞ்சுக்கூட்டின் ஓரத்துக்கு வந்து திரும்பிப் போவதைப் பார்த்தாள். அதே வேகம், அதே முனகல். நித்திலா வயசில் ஆவுடை எங்கே ஓடினாள், கட்டிலும் மாவுக்கட்டும்தான். பதினைஞ்சு வயசுக்குள் பதினாலு தடவை ஒடிந்தவள். வாசுதேவநல்லூரில் எலும்பு கட்டுகிற வைத்தியர் ஒருவர் இருந்தார், முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார், கட்டுக்குள் எறும்பு ஏறும், எறும்பைத் தட்டக்கூட அசையக்கூடாது. எட்டாவது தடவை தூக்கிக்கொண்டு போனபோது அவர் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். “ஏ ஐயா, இது விழுந்து ஒடியுத எலும்பு இல்ல, வேற என்னமோ இருக்கு, பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் கொண்டு போகவில்லை. இன்னொரு வைத்தியரிடம் கொண்டு போனார்கள். ஆனாலும் அந்த மனுஷன் தெரியாது என்று சொன்னாரே, அதற்கே அவருக்கு ஆவுடை எத்தனையோ தடவை மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள். தனக்கு உள்ள பேரைக் காப்பாற்றிக்கொள்ள எட்டாவது கட்டும் போட்டிருக்கலாம். பெரியவளான பிறகு ஒடிவது தானாக நின்றது, நாக தோஷம் கழிந்தது என்றார்கள், கல்யாணம் செய்து வைத்தார்கள், அவளும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை, வயிற்றுக்குள் இருந்த பிள்ளைக்குக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்கு வந்தால் அவள் நினைப்பு எப்போதும் முள்ளில் மாட்டின சேலைபோல நின்றுவிடும். நான்தான் கொடுத்தேன். என் ரத்தம்தான். நித்திலாவுக்கு ரெண்டு வயசில் நாலாவது தடவை கை ஒடிந்தபோது, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இளவட்ட டாக்டர் ஒருவர் கருத்தப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு “பிள்ளைய யாருய்யா அடிச்சது?” என்று கேட்டார். கருத்தப்பாண்டி மூட்டை தூக்குகிற ஆள், கை பனைமட்டை மாதிரி இருக்கும், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அவன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பிள்ளையைத் தொடவில்லை, தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் யாரோ சொல்லிப் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். டாக்டர் சிவசைலம் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு பிள்ளையை விட்டுவிட்டு ஆவுடையின் முகத்தையே பார்த்தார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “உங்க கண்ணு பிறந்ததுல இருந்தே இப்படியாம்மா?” என்று கேட்டார். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் அவளுக்கு லேசான நீலம், மகளுக்கும் அப்படியே, ஊரில் பூனைக்கண்ணி என்பார்கள், அதைப் போய் ஒரு டாக்டர் கேட்கிறாரே. சின்ன வயசில் எத்தனை தடவை ஒடிந்தது என்று கேட்டார். பதினாலு என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எலும்புல சிமெண்டு இருக்கு, உள்ள கம்பிதான் சரியா அமையல. உங்க ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே அப்படி. யாரும் அடிக்கல. யாரு மேலயும் தப்பு இல்ல” என்றார். கடைசி வார்த்தையைக் கருத்தப்பாண்டியைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பனைமட்டைக் கை அப்போதுதான், ஒரு வாரத்துக்கு அப்புறம், பிள்ளையின் தலையைத் தொட்டது. அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை மூட்டை எலுமிச்சம்பழம் கொடுத்தாலும் ஈடாகாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஆராய்ச்சி ஒன்று தொடங்கினார், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குமாக, இந்த மருந்து ஏற்றினால் எலும்பு எப்படி மாறுகிறது என்று வருஷா வருஷம் பார்ப்பதற்கு. அறுபது பேர். “உங்களையும் சேத்துக்கிடுதேம்மா” என்றார். முப்பத்து நாலு வயசில் அவளுடைய எலும்பையும் ஒருத்தர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

“முதுகு முடிஞ்சுது. இனி இடுப்பு” என்று எழுந்து வந்தாள் ஜெபமலர். ஸ்பாஞ்சுக் கட்டையை எடுத்தாள், ஆவுடையின் வலது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு பட்டையால் கட்டினாள். “என்னக்கா, கை ஐசா இருக்கு? ஏசியக் கொறைக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் ஆவுடை. சொல்லிவிடு, இப்பவே சொல்லிவிடு என்றது மனசு. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

“அசையாம இருக்கறதுல ஒங்கள மிஞ்ச ஒரே ஆளுதான்” என்று ஜெபமலர் ஜன்னலோரம் கை காட்டினாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாலு துண்டு முதுகெலும்பு மாதிரி ஒரு பொம்மை இருந்தது. தினமும் காலையில் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அதைத்தான் கிடத்துவாளாம். “நாலு வருசமா ஒரே நம்பர் காட்டுது. அது மட்டும் மாறிச்சுன்னா அன்னைக்கு ஒருத்தருக்கும் ஸ்கேன் கெடையாது.” பட்டையை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கை மறுபடியும் நகர்ந்தது. பொம்மைக்கு என்ன, அதற்குப் பிள்ளையா குட்டியா. ஆவுடையின் பையில் கத்தரிக்கோல் இருக்கிறது, தையல்காரி பையில் கத்தரிக்கோல் இல்லாமல் இருக்குமா. இது முடிந்ததும் “பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருதாம்” என்று பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் நறுக்கென்று கயிற்றைக் கத்தரித்துப் பைக்குள் போட்டுவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியும்? இந்த வருஷம் உண்மையான எண் வந்துவிடும், போன வருஷத்து எண் போன வருஷத்தோடு போகட்டும். யாருக்கு நஷ்டம்? சொன்னால்தான் நஷ்டம். சொன்னால் காலிப்பரை மறுபடி மாட்டச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு மறுபடி அப்பா தோளில் போக வேண்டும், ஒன்பது வயசுப் பிள்ளை, கூடப் படிக்கிறவர்கள் முன்னால். ஒழுங்காகச் சொன்னதைக் கேட்காத குடும்பம் என்று ஆராய்ச்சியில் இருந்தே எடுத்துவிட்டால்? மருந்து எங்கே கிடைக்கும்? டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? பயத்துக்கு மேல் பயமாக அடுக்கிக்கொண்டே போனாள். அடுக்கின உயரத்தில் அந்தப் பாத்ரூம் வழியே சரியான வழி என்று தோன்றியது. சரி, அப்படியே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். கட்டின பிறகும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அறுபது பேர் என்றாரே. இந்த ரெண்டு அந்த அறுபது பேர் கணக்கிலும் இருக்கிறதே. இந்த மருந்து ஒரே வருஷத்தில் ரெண்டு படி ஏற்றும் என்று நம்பி எங்கேயோ ஒரு டாக்டர் எங்கேயோ ஒரு பிள்ளையின் காலிப்பரைக் கழற்றச் சொன்னால்? அந்தப் பிள்ளையும் குழாயடியில் வழுக்கும். எல்லாப் பிள்ளையும் பாவாடையைப் பிழிந்துகொண்டு நிற்கும் என்று என்ன நிச்சயம்? எட்டாவது தடவை கையெடுத்துக் கும்பிட்ட அந்த வைத்தியர், ஆவுடையின் கண்ணைப் பார்த்த இந்த டாக்டர், இவர்கள் எல்லாம் தன் எலும்பைப் பற்றித் தன்னிடம் உண்மையைச் சொன்னவர்கள். அவர்களிடம் போய்ப் பொய்யை வைத்துவிட்டு நன்றியாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வாள்? மாட்டாள். மாட்டாளா? கயிறு, கத்தரி, பாத்ரூம். காலிப்பர், தோள், பள்ளிக்கூடம். கை நகர்ந்தது, திரும்பியது, நின்றது.

“முடிஞ்சுதுக்கா. எந்திரிங்க, மெதுவா.”

ஆவுடை எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, கூரையைப் பார்த்தபடியே, “ஏ ஜெபா, போன வருசம் எம்பிள்ள இடுப்புல தாயத்தோட படுத்துட்டாட்டி” என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது தெரிந்தது.

ஜெபமலர் திட்டவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் படத்தைத் தேடி எடுத்தாள். ஆவுடை மேஜையில் இருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றாள். சாம்பல் நிறத்தில் சின்ன முதுகெலும்பு, நாலு துண்டாக. மூன்றாவது துண்டின் மேல், அதன் அகலத்துக்குச் சரியாக, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டை படுத்திருந்தது. தெரிந்து பார்த்தால் தாயத்து, தெரியாமல் பார்த்தால் நல்ல எலும்பு. “ஆண்டவரே, இத ஒருத்தரும் பாக்கலியே” என்று ஜெபமலர் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தத் துண்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மற்ற மூன்றை வைத்து மறுபடி போட்டாள். எண் மாறியது. மூணரை. நாலில் இருந்து அரைப் படிதான் ஏறியிருக்கிறாள். ஒன்றரைப் படி வெள்ளி. ஆவுடைக்கு ஏனோ முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம்தான் அழுகை.

நித்திலா அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஆவுடை பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து, எல்லோரும் பார்க்க, கயிற்றைக் கத்தரித்தாள். “பூமயில் அத்தை ஏசுவாங்களே” என்றாள் பிள்ளை. “ஏசட்டும், நான் பேசிக்கிடுதேன்” என்றாள் ஆவுடை. கருத்தப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை, தாயத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளையைக் கிடத்தினார்கள். திரையில் கோடு கோடாக, மேலிருந்து கீழாக, கோலம் போடுகிற மாதிரி முதுகெலும்பு வரத் தொடங்கியது. முதல் துண்டு. இரண்டாவது. மூன்றாவது துண்டு வந்தபோது ஆவுடை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை இல்லை. சாம்பல்தான், மற்றதைப் போலவே. இதுதான் என் பிள்ளை என்று நினைத்தாள். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறமாதிரி இருந்தது. எண் வந்தது. ரெண்டரை.

போன வருஷம் ரெண்டு, இந்த வருஷம் ரெண்டரை. ஆவுடையின் மனசு பழைய காலண்டரை வைத்துத்தான் கணக்குப் போட்டது, இறங்கிவிட்டாள், பிள்ளை இறங்கிவிட்டாள் என்று. டாக்டர் சிவசைலம் எப்போது வந்தார் என்று அவள் கவனிக்கவில்லை. ஜெபமலர் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று வருஷத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்க டாக்டர்” என்றாள் ஆவுடை. “கழட்டணும்னு தோணவே இல்ல.”

“எனக்குந்தான் படத்த ஒழுங்காப் பாக்கணும்னு தோணல. காகிதத்துல இருந்த நம்பர மட்டும் பாத்தேன். தப்பு என்னோடது” என்றார் அவர். பிறகு திரும்பி அவளை நேராகப் பார்த்தார். “ஆவுடையம்மா, ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. நீங்க சும்மா இருந்திருந்தா இன்னைக்கு என் கைக்கு என்ன வந்திருக்கும்? போன வருசம் ரெண்டு, இந்த வருசம் ரெண்டரை. பிள்ளை இறங்கிருச்சுன்னு வந்திருக்கும். மருந்து ஏத்தியும் இறங்குதுன்னா அந்தப் பிள்ளைக்கு நிறுத்திரணும், அப்படித்தான் நாங்க எழுதி வச்சிருக்கோம். சாயங்காலத்துக்குள்ள நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.” அவர் திரையில் விரலை வைத்தார். “இப்பம் பாருங்க. நாலு. மூணரை. ரெண்டரை. முதல் வருசம் அரைப் படி, ரெண்டாவது வருசம் ஒரு முழுப் படி. பிள்ளை நல்லா ஏறிக்கிட்டு வாரா. மருந்து வேலை செய்யுது. காலிப்பரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நடக்கட்டும்.”

பாத்ரூமில் நறுக்கென்று கத்தரித்துப் பைக்குள் போட்டிருந்தால். அந்த ஒரு நினைப்புத்தான் அவளுக்குள் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. முப்பத்தாறு வருஷமாக ஆவுடை எதிலும் பொத்தென்று உட்கார்ந்ததில்லை. சுவரைப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி, தன்னைத் தானே இறக்கி வைத்துத்தான் பழக்கம், கல்யாண மணையில்கூட அப்படித்தான் உட்கார்ந்தாள். இப்போது சுவரைத் தேடாமல், அந்த அறையின் வெறுந்தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கருத்தப்பாண்டி “ஏட்டி!” என்று அலறினான். ஜெபமலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள், டாக்டர் தரையில் மண்டியிட்டு அவள் இடுப்பைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, “எங்க வலிக்கி, எங்க வலிக்கி?” என்று கேட்டார், மேஜை மேலிருந்து நித்திலா எட்டிப் பார்த்தாள். ஆவுடை இரண்டு கையாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், “ஒண்ணும் ஒடியல டாக்டர், ஒண்ணும் ஒடியல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.